செற்றி விற்ற வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் வீட்டுச் செற்றியை, ஹோலில் கிடக்கும் சோபாவை, விற்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த யுத்த வருசங்களில் இது பால்காரனிலிருந்து பாதிரியார் வரை எல்லாருக்கும் தெரியும். முதலில் செற்றி போகும். பிறகு சாப்பாட்டு மேசை, பிறகு பிரிட்ஜ். ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்கும். பிறகொரு நாள் பக்கத்து வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ரெலிபோன் வரும். சொல்லாமல் வந்துவிட்டோம், குறை நினைக்காதேங்கோ என்று. இவ்வளவும் தெரிந்த ஊரில், இவ்வளவும் தெரிந்த ஸ்ரீஸ்கந்தராசா தன் வீட்டுச் செற்றியைத் தானே விற்றார். அதுவும் கனடாவுக்குப் போவதற்காக அல்ல, போகாமல் இருப்பதற்காக.

இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்கே ஒருமுறை வந்தது. ஆனால் சிரித்து முடிக்கக் கூடிய அலுவலாக அது முடியவில்லை.

மனுசனுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. இரத்மலானைக் கைத்தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ற் கொம்பனியின் ஸ்ரோர்சில் வேலை. கொம்பனியில் அவருடைய நீளப் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை, 'ஸ்ரீ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பழைய ஸ்ரோர்ஸ் மனேஜர் ஓய்வு பெற்றுப் போனபோது, புது ஆள் போடும்வரைக்கும் ஸ்ரீ 'அக்ரிங்' பார்க்கட்டும் என்றார்கள். அக்ரிங் என்றால் வேலை முழுவதும் மனேஜருடையது, சம்பளமும் கதிரையும் பழையது. மனேஜரின் அறை பூட்டியே கிடந்தது. இவர் அறைக்கு வெளியே, தின்னர் நெடி அடிக்கும் மூலையில், தன் பழைய மேசையிலிருந்தே லொறிகளை அனுப்பினார், சரக்கு இறக்கினார், தகரங்கள் குறைந்தால் பேச்சு வாங்கினார். ஒரு மாதம் இரண்டு மாதம் என்று சொன்ன அக்ரிங் ஒரு வருசத்தையும் விழுங்கிவிட்டது.

அந்த வருசம் ஆடி மாதம் ஜெனரல் மனேஜர் விக்கிரமசூரிய அவரைக் கூப்பிட்டு, இனி யோசிக்க வேண்டாம், கடிதம் தயாராகிறது, அடுத்த மாதம் அந்த அறையைத் திறந்துகொண்டு உள்ளே இருக்கலாம் என்றார். விக்கிரமசூரிய வாயால் ஒன்று சொன்னால் அது நடக்கும் என்பதில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஐமிச்சம் கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது.

எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவர் வாடகைக்கு இருந்த அறை எரிந்துபோனது. உடுத்திருந்த சாரத்தோடு இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் அகதியாக இருந்து, அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரில் வேலையில்லாமல் இருந்தவரை, உமது மேசை அப்படியேதான் இருக்கிறது, பயமில்லாவிட்டால் திரும்பி வாரும் என்று எழுதிக் கூப்பிட்டவர் விக்கிரமசூரியதான். வந்தார். அதே வெள்ளவத்தையில், கடல் பக்கத்து லேனில் வீடு எடுத்தார். கலியாணம் கட்டினார், மகள் பிறந்தாள். இனி எவன் வந்து எழுப்பினாலும் எழும்புவதில்லை என்று மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டார். காலையில் கடலை ஒட்டி ஓடும் றெயினில் தொங்கிக்கொண்டு போகும்போது இது என்னுடைய ஊர்தான் என்று அவருக்குத் தோன்றும். ஆனால் ஊர் அதைத் திருப்பிச் சொன்னதில்லை. ஆமிச் சென்றியில் இறக்கி அடையாள அட்டையைக் கேட்கும்போதெல்லாம் எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய் என்றுதான் கேட்டது. அந்த மனேஜர் கதிரை கிடைத்தால், இரு என்று ஊரே வாய் திறந்து சொன்ன மாதிரி இருக்கும் என்று அவர் நம்பினார். இது பைத்தியக்கார நம்பிக்கைதான், ஆனால் அவர் இருப்பதும் போவதும் இந்த ஒன்றில்தான் தொங்கியது.

ஏனென்றால் ரொறன்ரோவில் பாலேஸ்வரிக்கு ஒரு அண்ணன் இருந்தார். பாலேஸ்வரி, ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ரெலிபோன் எடுத்து, நீங்கள் ஓம் என்று ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் அலுவலைத் தொடங்குகிறேன் என்பார். அவள் புருசனைத் திரும்பிப் பார்ப்பாள். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்பார். ஆடி மாதத்தில் புறமோசன் கதை வந்ததும் அவளே அண்ணனிடம், இவருக்கு இங்கே நல்ல இடம் ஒன்று வரப்போகுது, கொஞ்சம் பொறுங்கோ என்று சொன்னாள். சொந்த அண்ணனிடம்கூட என்ன இடம் என்று சொல்லவில்லை. நாவூறு பட்டுவிடும்.

இந்த நாவூறுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

செற்றியை விற்கச் சொன்னவள் பாலேஸ்வரி. அது ரெக்சீன் கிழிந்து தும்பு வெளியே எட்டிப் பார்க்கும் செற்றி. இருந்தவர் எழும்பும்போது உள்ளே ஸ்பிரிங் ஒன்று முனகும். மனேஜர் என்றால் கந்தோர் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், பார்ட்டி கேட்பார்கள், இந்தச் சனியனில் அவர்களை எப்படி இருத்துவது என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் புதுச் செற்றியைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வாங்க வேண்டும், முதலே வாங்கினால் எல்லாம் காற்றில் போய்விடும் என்றும் சொன்னாள். அதுவரைக்கும் ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. ஸ்ரீஸ்கந்தராசாவும் மறுப்புச் சொல்லவில்லை. தகரம் எண்ணுகிற மனுசன், கணக்கில்லாத எதையும் நம்பாத மனுசன், நாவூறு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கந்தோரில் செற்றி விற்பனைக்கு இருக்கிறது என்று சொன்னதும் ஐறீன் வாங்குகிறேன் என்றாள். ஐறீன் விக்கிரமசூரியவின் செக்ரட்டரி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், நல்ல மனசுக்காரி. அவளுடைய தம்பிக்குக் குஷன் வேலை தெரியும், புதுத் துணி போட்டு எடுத்துக்கொள்வான். ஏன் திடீரென்று விற்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு சிரிப்புச் சிரித்து, சும்மாதான் என்றார். மனதில் இருந்த சந்தோசத்தை மறைக்க வேண்டியிருந்ததால் அந்தச் சிரிப்புக் கொஞ்சம் கள்ளச் சிரிப்பாகத்தான் வந்திருக்கும். சனிக்கிழமை ஒரு வான் வந்து செற்றியை ஏற்றிக்கொண்டு போனது. ஹோல் வெறுமையாகி, கதைத்தால் எதிரொலித்தது. மகள் அதில் கயிறடித்து விளையாடினாள்.

அடுத்த மாதம் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

காத்திருப்பவன் படும் பாட்டை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். ஸ்ரீஸ்கந்தராசா விக்கிரமசூரியவின் முகத்தைப் படிக்கத் தொடங்கினார். காலையில் குட் மோர்னிங் சொன்னபோது அவர் நின்று பதில் சொன்னாரா, நடந்துகொண்டே சொன்னாரா? கூட்டத்தில் 'நமது ஸ்ரீ' என்றாரா, வெறும் 'ஸ்ரீ' என்றாரா? முன்னெல்லாம் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்பவர் இப்போது ஏன் கேட்பதில்லை? ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்தார். சிங்களத்தில் எழுதும்போது எழுத்துப் பிழை விடுகிறேன், அதுவாக இருக்கும். பக்கத்தில் விமானப் படை முகாம், ஸ்ரோர்ஸ் நிறையப் பற்றியெரியக்கூடிய சாமான், தமிழன் கையில் சாவி கொடுக்க மேலிடம் பயப்படுகிறது, அதுவாக இருக்கும். போன மாதம் சென்றியில் மறித்து வைத்ததால் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேனே, அதுவாகவும் இருக்கும். நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று தரம் விக்கிரமசூரியவின் கதவடி வரைக்கும் போனார். கேட்டால் அவசரப்படுகிறான் என்று நினைப்பார், கேட்காவிட்டால் அக்கறையில்லை என்று நினைப்பார். இப்படி யோசித்து யோசித்துத் திரும்பி வந்து தகரங்களை எண்ணினார்.

ஐப்பசியில் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. அன்றிரவு வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை, கொம்பனி அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் காட்டியும் ஸ்ரீஸ்கந்தராசாவை ஏற்றிக்கொண்டு போய், அடுத்த நாள் மத்தியானம்தான் விட்டார்கள். அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, இருத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். வெளியே வந்தபோது பொலிஸ் ஸ்டேசன் மதிலோரம் பாலேஸ்வரி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் இரவு உடுத்திருந்த அதே சட்டை. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு அவள் புதுச் செற்றியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, பொங்கல் வரைக்கும் பார்ப்பம், வராவிட்டால் அண்ணனுக்கு ஓம் என்று சொல்லிவிடுவேன் என்றாள். இவர் சரி என்றார், அதற்குள் வந்துவிடும் என்ற துணிவில்.

கார்த்திகையில் பாலேஸ்வரியின் தங்கை நேசமலர் தன் இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து சேர்ந்தாள். அவளுடைய புருசன் சுவிசில். அங்கே போகும் மட்டும் அக்கா வீடுதான். செற்றி நின்ற இடத்தில் இப்போது சூட்கேசுகள் அடுக்கப்பட்டன.

மார்கழியில்தான் விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை ஐறீன் கந்தோரில் எல்லாருக்கும் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்களுக்கு ஒவ்வொரு துண்டு, ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பெட்டி. ஏன் எனக்கு மட்டும் இவ்வளவு என்று இவர் கேட்டார்.

"அங்க போனா இந்த மாதிரி கேக் கிடைக்காது தானே ஸ்ரீ," என்றாள் ஐறீன். "உங்கட பயணம் நல்லபடியா போகணும்னு கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினேன்."

"எந்தப் பயணம்?"

ஐறீன் குரலைத் தாழ்த்தினாள். தன்னிடம் மறைக்கத் தேவையில்லை என்றாள். செற்றியை விற்றபோதே தனக்கு விளங்கிவிட்டது, ஆனால் விக்கிரமசூரிய சேரைத் தவிர வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை என்றாள். சேரிடமும் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆவணி மாதம் புறமோசன் கடிதத்தை ரைப் பண்ணிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது, பாவம், இந்தக் கடிதம் ஸ்ரீக்கு இனி என்னத்துக்கு, வீட்டுச் சாமானையே விற்கிறாரே என்று வாய் தவறி வந்துவிட்டது. சேர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கேக் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஐறீன் பயந்துபோனாள். எழுத்துப் பிழையுமல்ல, விமானப் படையுமல்ல, தமிழன் என்றதுமல்ல, கிழிந்த செற்றி! இத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது போலிருந்தது. ஒரு நிமிசக் கதை, போய்ச் சொன்னால் முடிந்தது என்று நினைத்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்னரே விக்கிரமசூரியவின் கதவைத் தட்டினார்.

விக்கிரமசூரிய பொறுமையாகக் கேட்டார். அவர்கள் இருவரும் பாதி இங்கிலிசிலும் பாதி சிங்களத்திலும்தான் கதைப்பார்கள். நான் எங்கேயும் போகவில்லை, சேர், என்று ஸ்ரீஸ்கந்தராசா சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிவபாதசுந்தரத்தை நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவில்லாமல் என்ன? சிவபாதசுந்தரம் இரண்டு வருசத்துக்கு முன்னர் இங்கே தலைமைக் கணக்காளராக இருந்தவர். போகப்போகிறான் என்று அவரைப் பற்றியும் கதை வந்தபோது விக்கிரமசூரிய கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நான் எங்கே போகப்போகிறேன் சேர் என்று அவர் சிரித்திருக்கிறார். பிறகு குடும்பத்தோடு கதிர்காமம் போவதாக லீவு கேட்டார். விக்கிரமசூரியவின் மனைவிக்குக் கதிர்காமத்தில் ஒரு நேர்த்தி இருந்தது. மகளுக்குச் சுகமாக வேண்டும் என்று வைத்த நேர்த்தி. அதற்காகச் செய்து வைத்திருந்த சின்ன வெள்ளி வேல் ஒன்றை, நீர்தான் முறை தெரிந்த ஆள், முருகனிடம் கொடுத்துவிடும் என்று சிவபாதசுந்தரத்தின் கையில் ஒப்படைத்தார். அடுத்த கிழமை ரொறன்ரோவிலிருந்து ரெலிபோன் வந்தது. அவசரத்தில் கதிர்காமம் போகக் கிடைக்கவில்லை, அந்த வெள்ளி வேல் பத்திரமாக இங்கே சாமியறையில் இருக்கிறது, இங்கேயும் முருகன்தானே என்றாராம்.

"இதே இடத்தில் நின்றுதான் அவனும் சொன்னான், ஸ்ரீ. இதே மாதிரித்தான் என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்."

ஸ்ரீஸ்கந்தராசா செற்றிக் கதையை அடியிலிருந்து சொன்னார். புறமோசன் வந்தால் புதிது வாங்குவதற்காகத்தான் பழையதை விற்றோம் என்றார். அப்படியென்றால் ஐறீன் கேட்டபோது அதைச் சொல்லியிருக்கலாமே என்றார் விக்கிரமசூரிய. நாவூறை இங்கிலிசில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் 'கட்டவஹ' என்று சிங்களத்தில் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கியது. அவர்கள் வீட்டிலும் அது இருக்கிறது. ஆனால் விளங்கியதால் நன்மை ஒன்றும் வரவில்லை.

"நல்லது நடக்கப்போகிறது என்றாலும் மறைக்கிறீர்கள், போகப்போகிறீர்கள் என்றாலும் மறைக்கிறீர்கள்," என்றார் அவர். "எது எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?"

குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எதிர்த்துக் கதைத்திருக்கலாம். புது மனேஜரைப் போட்டுப் பழக்கி எடுக்கும்போது அவனும் சொல்லாமல் போய்விட்டால் டிரெக்ரர்மார் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். வீட்டுக்கு வந்து பாருங்கோ சேர், பெண்சாதியிடமும் கேளுங்கோ என்று ஸ்ரீஸ்கந்தராசா கிட்டத்தட்டக் கெஞ்சினார். பார்க்கலாம் என்றார் விக்கிரமசூரிய.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, புதுச் செற்றி ஒன்றை உடனே எடுப்போம், நுகேகொடையில் நல்லது இருக்கிறது என்று பாலேஸ்வரியிடம் சொன்னார். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். மனேஜர் ஆகாதவருக்கு என்னத்துக்கு மனேஜர் செற்றி, நாலு பேர் பார்த்துச் சிரிக்கவோ என்று கேட்டாள். இவருக்கு அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

விக்கிரமசூரிய வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல். அவருக்கு வீடு நுகேகொடையில், கடற்கரைக்கு நடக்க வந்தவர் அப்படியே எட்டிப் பார்த்தாராம். கையில் ஒரு பை அப்பிள். கதவைத் திறந்த ஸ்ரீஸ்கந்தராசா முதலில் திரும்பிப் பார்த்தது ஹோலைத்தான். அடுத்த நாள் நேசமலருக்குப் பிளைட். ஹோல் முழுக்க வாய் திறந்த சூட்கேசுகள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை எல்லாம் பொலித்தீனில் கட்டிப் பரவிக் கிடந்தன. ஆளைக் கண்டதும் நேசமலரின் பெட்டைகள் பதறியடித்து சூட்கேசுகளை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினார்கள். மரியாதைக்கு ஓடினதுதான், ஆனால் எதையோ ஒளித்தது போலத்தான் இருந்தது. இருக்கச் சொல்ல ஒரு செற்றி இல்லை. மேல்வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை இரவல் வந்தது.

இது மனைவியின் தங்கை குடும்பம், நாளைக்குச் சுவிசுக்குப் போகிறார்கள் என்று ஸ்ரீஸ்கந்தராசா சொன்னார். ஓ, ஓ, அப்படியா என்று விக்கிரமசூரிய தலையாட்டினார். வியாதிக்காரனுக்கு நீ நல்லாகிவிடுவாய் என்று சொல்லும்போது தலையாட்டுவார்களே, அப்படி. மகளைக் கூப்பிட்டு அப்பிள் கொடுத்தார், படிப்பைப் பற்றிக் கேட்டார். பாலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் அவர் அவளைப் பார்த்து, சிங்களத்தில், மெதுவாக, மிசிஸ் ஸ்ரீ, நீங்கள் போகவில்லை என்று இவர் சொல்கிறார், உண்மைதானா என்று கேட்டார்.

பாலேஸ்வரிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஸ்ரீஸ்கந்தராசா அவளைப் பார்த்தார். இல்லை சேர், நாங்கள் போகவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவு போதும். இத்தனை மாதக் காத்திருப்பும் அந்த ஒரு வரியில் வந்து நின்றது. அவள் புருசனைப் பார்த்தாள், பிறகு சூட்கேசுகள் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, சேர்," என்றாள்.

விக்கிரமசூரிய தேத்தண்ணியைக் குடித்தார். நல்ல தேத்தண்ணி என்றார். போகும்போது ஸ்ரீஸ்கந்தராசாவின் தோளில் கையை வைத்து இரண்டு தரம் தட்டிவிட்டுப் போனார்.

ஸ்ரீஸ்கந்தராசா குசினிக்குப் போனார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

"ஒரு சொல்லுத்தானே கேட்டவர். சொன்னால் உமக்கு வாய் வெந்திடுமோ?"

பாலேஸ்வரி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். "பொய்யைச் சொல்லச் சொல்லுறியளே? நான் போகவேணும் எண்டுதான் நினைக்கிறன். அந்த ஸ்டேசன் மதிலடியில நிண்ட நேரத்தில இருந்து அதைத்தான் நினைக்கிறன். றெயின் பிந்தினால் எனக்குக் குடல் பதறுது. மனேஜர் எண்டு எழுதின அட்டையைக் காட்டினால் உங்களை ஏத்திக்கொண்டு போகமாட்டாங்களோ? அதைச் சொல்லுங்கோ, நான் இப்பவே ஓடிப்போய் உங்கட சேரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

அன்றைக்கு ஏற்றிக்கொண்டு போனவன் ஸ்ரீஸ்கந்தராசாவின் கொம்பனி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டது நினைவுக்கு வந்தது. தான் மனேஜராக வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் காத்திருப்பதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது. கோபம் போய், அந்தக் கோபத்தை நினைக்க வெட்கமாக இருந்தது. கடற்கரைக்குப் போய்த் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் கொஞ்ச நேரம் இருந்தார். அங்கேயும் ஆமிக்காரன் வந்து அட்டையைக் கேட்டான்.

வருசம் பிறந்து முதல் கிழமையில் மனேஜரின் அறை திறந்தது. கடிதம் புவாத்துக்கு வந்தது. புவாத் கொம்பனித்தெரு முஸ்லிம் பையன், ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கீழே வேலை பழகியவன், கெட்டிக்காரன், அண்ணன் அண்ணன் என்று காலைச் சுற்றுகிறவன். கடிதத்தைக் கொண்டுவந்து இவரிடம் காட்டும்போது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. இது உங்களுக்கு வரவேண்டியது என்றான். ஸ்ரீஸ்கந்தராசா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், நல்லாயிரு என்றார், அவனுடைய தாய் செய்து அனுப்பிய வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவன்மேல் பொறாமை வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், அது முழு உண்மையில்லை.

பொங்கலன்று பாலேஸ்வரி அண்ணனைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொங்கிப் படைத்து, மகளுக்கும் இவருக்கும் பரிமாறினாள். சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவர், வெறும் ஹோலில் இன்னும் திருப்பிக் கொடுக்காத அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு, "கொண்ணைக்கு ஓம் எண்டு சொல்லும்," என்றார். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தார். அவள் நிலத்தில் இருந்து, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அலுவல் முடிய ஒரு வருசமாவது பிடிக்கும் என்று ரொறன்ரோவிலிருந்து சொன்னார்கள். அதுவரைக்கும் ஒருவருக்கும் மூச்சு விடவேண்டாம் என்றும் சொன்னார்கள். ஆனால் ஸ்ரீஸ்கந்தராசா இந்த முறை கேட்கவில்லை. மறைத்தது போதும் என்று அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. அடுத்த நாளே விக்கிரமசூரியவின் கதவைத் தட்டினார். சேர், நான் போகப்போகிறேன், இன்னும் நாளிருக்கிறது, முதலில் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று வந்தேன் என்றார்.

விக்கிரமசூரிய எழும்பி நின்றார். ஆவணிக்குப் பிறகு முதல் முறையாக அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. எனக்குத் தெரியும், எனக்கு அப்போதே தெரியும் என்று மேசையைச் சுற்றி வந்து ஸ்ரீஸ்கந்தராசாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகளின் படிப்புக்கு அதுதான் நல்லது என்றார். என்ன உதவி வேண்டுமென்றாலும் கேளும் என்றார். அங்கே சிவபாதசுந்தரத்தைக் கண்டால் எங்கள் வீட்டு நேர்த்தி இன்னும் தீரவில்லை என்று சொல்லும் என்றார். சொல்கிறேன் சேர் என்று ஸ்ரீஸ்கந்தராசா கதவை நோக்கித் திரும்பினார்.

"ஸ்ரீ," என்று அவர் திரும்பக் கூப்பிட்டார். "இந்தக் கொம்பனியில் என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் தமிழன் நீர்தான். இப்படிப்பட்ட ஆள் என்று முதலே தெரிந்திருந்தால், அந்தக் கதிரையை உமக்குத்தான் தந்திருப்பேன்."

ஸ்ரீஸ்கந்தராசா, ஸ்தூதி சேர் என்று சிங்களத்தில் நன்றி சொல்லிவிட்டு, புவாத் லொறிக்குக் காத்துக்கொண்டிருப்பான் என்று ஸ்ரோர்சுக்குப் போனார்.